பல் கம்பி அகற்றிய பின் தெரியும் வெண்புள்ளிகள்: சிகிச்சையும் காத்திருப்பும்

பல் சீரமைப்புக் கம்பி, பேச்சுவழக்கில் ‘கிளிப்’ எனப்படுவது, பெரும்பாலானோரின் பற்களில் ஒன்றரை முதல் இரண்டரை ஆண்டுகள் வரை இருக்கும். அது அகற்றப்படும் நாளில் பற்கள் வரிசையாக நிற்பதைக் கண்டு மகிழ்பவர்களுள் சிலர், அதே கண்ணாடியில் வேறொன்றையும் காண்கின்றனர். பிராக்கெட் ஒட்டப்பட்டிருந்த இடத்தைச் சுற்றி, சுண்ணாம்பு தீற்றியது போன்ற வெண்ணிறத் திட்டுகள் தெரிகின்றன. சிலருக்கு இவை ஈறை ஒட்டிய மெல்லிய பிறை வடிவிலும், சிலருக்கு நடுவே இயல்பான நிறத்தில் ஒரு சதுரத்தை விட்டுச் சுற்றிலும் சட்டம் போட்டது போலவும் இருக்கும். அந்தச் சதுரம், பிராக்கெட்டின் அடியில் பாதுகாப்பாக இருந்த பகுதியாகும்.

இந்நிலை அரிதானது அன்று. 1982ஆம் ஆண்டு வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், கம்பி அணிந்தவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேருக்குக் குறைந்தது ஒரு பல்லிலாவது வெண்புள்ளி காணப்பட்டது. மேல்வரிசையில் நடுப்பற்களுக்கு அடுத்துள்ள பற்களே மிகுதியாகப் பாதிக்கப்பட்டிருந்தன. சிரிக்கும்போது முதலில் தெரிபவை அவையே என்பதால், நோயாளிக்கும் பெற்றோருக்கும் உண்டாகும் மனவருத்தம் புரிந்துகொள்ளத்தக்கது. எனினும் அந்த வருத்தத்தில் எடுக்கப்படும் அவசர முடிவுகளே, பல வேளைகளில் புள்ளிகளைவிட அதிகத் தீங்கு விளைவிக்கின்றன. ஒருமுறை தேய்த்தெடுக்கப்பட்ட எனாமல் மீண்டும் வளர்வதில்லை.

புள்ளி எவ்வாறு தோன்றுகிறது?

பல்லின் வெளியுறையான எனாமல், எடையளவில் சுமார் 96 விழுக்காடு கனிமத்தால் ஆனது. எலும்பில் உள்ளதைப் போன்று உயிரணுக்கள் இதில் இல்லை. ஆகவே, அது தன்னைத்தானே புதிதாக உருவாக்கிக்கொள்ள இயலாது. ஆனால் உமிழ்நீரிலுள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் எனாமலின் நுண்துளைகளில் மீண்டும் படிய முடியும். நாள்தோறும் நம் வாயில் இந்தக் கொடுக்கல் வாங்கல் நடைபெற்றுக்கொண்டே இருக்கிறது. இனிப்போ மாவுப்பொருளோ உண்டவுடன், பல்லின்மீது படிந்துள்ள படலத்தில் வாழும் பாக்டீரியாக்கள் அமிலத்தைச் சுரக்கின்றன. அமில காரக் குறியீடு (பி.எச்.) ஏறத்தாழ 5.5க்குக் கீழே இறங்கும்போது எனாமலிலிருந்து கனிமம் வெளியேறத் தொடங்கும். பின்னர் உமிழ்நீர் அமிலத்தைத் தணித்து, இழந்ததில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறது.

கம்பி இந்தச் சமநிலையைக் குலைக்கிறது. பிராக்கெட்டுக்கும் ஈறுக்கும் இடையேயுள்ள குறுகிய பகுதியில் பல் துலக்கியின் நார்கள் எளிதில் சென்றடைவதில்லை. உமிழ்நீரும் அங்கு முழுமையாக அலசிச் செல்வதில்லை. படலம் தங்குகிறது, அமிலமும் தங்குகிறது. இவ்வாறு கவனிக்கப்படாத இடத்தில் கண்ணுக்குப் புலனாகும் வெண்புள்ளி தோன்ற நான்கு வாரங்களே போதுமானவை. அதாவது, ஒரு மாதாந்திரச் சந்திப்புக்கும் அடுத்த சந்திப்புக்கும் இடைப்பட்ட காலத்திலேயே அது உருவாகிவிடலாம்.

கனிமம் முதலில் வெளியேறுவது மேற்பரப்பிலிருந்து அன்று. அதற்குச் சற்று உட்புறத்திலிருந்து. மேலே மெல்லிய ஓர் அடுக்கு ஓரளவு உறுதியாகவே இருக்க, அதனடியில் எனாமல் நுண்துளைகள் நிறைந்ததாகிவிடும். சிகிச்சைகள் அனைத்தையும் புரிந்துகொள்ள இந்த அமைப்பை நினைவில் கொள்வது அவசியம்.

அது ஏன் வெண்மையாகத் தெரிகிறது? உலர்ந்த வெள்ளைப் பருத்தித் துணியின் வழியே அடியிலிருப்பது தெரிவதில்லை. அதே துணி நனைந்தால் ஓரளவு ஒளி ஊடுருவுகிறது. இழைகளுக்கு இடையே இருந்த காற்றை நீர் அகற்றிவிடுவதே காரணம். எனாமலின் ஒளிவிலகல் எண் 1.62, நீரினுடையது 1.33; காற்றினுடையது 1.00. இந்த எண்களுக்கிடையேயான வேறுபாடு எவ்வளவு பெரிதோ, அவ்வளவுக்கு ஒளி சிதறி வெண்மை கூடும். ஆகவே நுண்துளைகளில் நீர் இருக்கும்போது புள்ளி மங்கலாகவும், பல் உலர்ந்து துளைகளில் காற்று புகும்போது பளிச்சென்றும் தெரிகிறது. கம்பி கழற்றும் நாளில் ஒட்டுப்பசையை அகற்றவும் மெருகேற்றவும் பற்கள் நெடுநேரம் உலர்த்தப்படுகின்றன. எனவே அன்று காணும் தோற்றமே மிக மோசமான தோற்றமாகும். அதை வைத்து எம்முடிவும் எடுக்க வேண்டாம். வாயால் மூச்சு விட்டு உறங்குபவர்களுக்குக் காலையில் புள்ளிகள் தூக்கலாகத் தெரிவதும் இதே காரணத்தாலேயே.

எல்லா வெண்மையும் கம்பியால் வந்ததன்று

சிகிச்சைக்கு முன் உறுதிசெய்ய வேண்டியது, இப்புள்ளிகள் உண்மையில் எப்போது தோன்றின என்பதாகும். தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் போன்ற மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுந்த பகுதிகள் உள்ளன. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கான ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இதன் பொருட்டே கொண்டுவரப்பட்டது. அத்தகைய நீரை இளவயதில் பருகி வளர்ந்தவர்களின் பற்களில் ஃபுளூரோசிஸ் எனப்படும் வெண்கோடுகளோ திட்டுகளோ காணப்படலாம். அவை பொதுவாக இடப்புறமும் வலப்புறமும் ஒரே பற்களில் ஒத்த அளவில் பரவியிருக்கும். பிராக்கெட்டின் விளிம்பைத் தொடர்ந்து செல்லாது. பல் தாடைக்குள் உருவாகும்போதே ஏற்பட்ட கனிமக் குறைபாட்டால் ஓரிரு பற்களில் மட்டும் தெரியும் திட்டுகளும் உண்டு.

இதை அறிய எளிய வழி, சிகிச்சை தொடங்கும் முன் எடுக்கப்பட்ட ஒளிப்படங்களைப் பார்ப்பது. பல் சீரமைப்பு மருத்துவர்கள் அவற்றை வழக்கமாகக் கோப்பில் வைத்திருப்பர். அவற்றைக் காட்டும்படி கேட்பது உங்கள் உரிமை, தயங்க வேண்டியதில்லை. பிராக்கெட்டை ஒட்டப் பயன்பட்ட பசையின் எச்சம் வெண்திட்டாகத் தோன்றுவதும் உண்டு. அதை மருத்துவர் சில நிமிடங்களில் அகற்றிவிட இயலும்.

முதல் ஆறு மாதங்கள்

கம்பி அகன்றவுடன் படலம் தங்குமிடமும் அகன்றுவிடுகிறது. துலக்கி எல்லா இடங்களையும் அடைகிறது. உமிழ்நீர் தடையின்றிப் பாய்கிறது. பெரும்பாலான புள்ளிகள் இந்நிலையில் தாமாகவே ஓரளவு மங்கிச் சுருங்குகின்றன. மாற்றத்தின் பெரும்பகுதி முதல் சில மாதங்களில் நிகழ்கிறது. பின்னர் வேகம் குறைகிறது. லேசான புள்ளிகள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மங்கலாம். ஆழமானவை முழுமையாக மறைவதில்லை. ஆகையால் மூன்று முதல் ஆறு மாதங்கள் வரை காத்திருந்து, அதன் பின்னரே அழகுக்கான சிகிச்சையைத் தீர்மானிப்பது பொதுவான நடைமுறையாகும்.

இக்காலத்தில் செய்ய வேண்டியவை எளியவை. ஃபுளூரைடு கலந்த பற்பசையால் காலையிலும், இரவு உறங்கும் முன்பும் இரண்டு நிமிடங்கள் துலக்க வேண்டும். இந்தியாவில் கடைகளில் விற்கப்படும் சாதாரணப் பற்பசையில் ஃபுளூரைடின் உச்ச அளவு 1000 பி.பி.எம். என வரையறுக்கப்பட்டுள்ளது. அந்த அளவுள்ள பற்பசையே போதுமானது. துலக்கியபின் நுரையைத் துப்பிவிட வேண்டும். ஆனால் உடனே நீரால் கொப்பளித்து எல்லாவற்றையும் கழுவிவிட வேண்டாம். உணவு வேளைகளுக்கு இடையே இனிப்புத் தேநீர், குளிர்பானம், பிஸ்கட் ஆகியவற்றை அடிக்கடி எடுப்பதைத் தவிர்க்க வேண்டும். எவ்வளவு இனிப்பு என்பதைக் காட்டிலும் எத்தனை முறை என்பதே இங்கு முக்கியம். ஒவ்வொரு முறையும் அமிலத் தாக்குதல் புதிதாகத் தொடங்குகிறது.

ஃபுளூரைடு மிகுந்த நீருள்ள பகுதிகளைச் சேர்ந்த பெற்றோர் சிலர், பற்பசையிலுள்ள ஃபுளூரைடு குறித்து அஞ்சுவதுண்டு. பல் ஃபுளூரோசிஸ் என்பது, பல் தாடைக்குள் உருவாகும் பருவத்தில் மட்டுமே ஏற்படுவது. ஞானப்பற்கள் நீங்கலாக ஏனைய நிலையான பற்களின் எனாமல் சுமார் எட்டு வயதுக்குள் உருவாகி முடிந்துவிடும். கம்பி அணியும் வயதினருக்குப் பற்பசையால் புதிதாக வெண்கறை வராது. விழுங்காமல் துப்பினால் போதும்.

கம்பி கழற்றியபின் அணியும் ரிட்டெய்னர், இக்காலத்தில் பலரும் கவனிக்காத ஓர் இடர்ப்பாடாகும். பல்லை முழுவதுமாக மூடும் ஒளிபுகும் வகை ரிட்டெய்னரை அணிந்தபடியே பழச்சாறோ குளிர்பானமோ பருகினால், அத்திரவம் உள்ளே சிக்கிப் பற்களின் மேலேயே தங்கிவிடும். அதை அணிந்திருக்கும்போது வெறும் நீர் தவிர வேறெதையும் பருகக் கூடாது. மீண்டும் அணியும் முன் பற்களையும் ரிட்டெய்னரையும் தூய்மைசெய்ய வேண்டும்.

மாதம் ஒருமுறை, அதே சன்னல் ஒளியில், பற்களை நாவால் ஈரப்படுத்தியபின் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைப்பது நல்லது. நாள்தோறும் கண்ணாடியில் பார்ப்பவருக்கு மெதுவான மாற்றம் புலப்படுவதில்லை.

இனி, பலரும் வியப்புடன் கேட்கும் ஒரு செய்தி. ஃபுளூரைடு நல்லதாயின், கம்பி கழற்றியவுடன் அடர்த்தி மிகுந்த ஃபுளூரைடு வார்னிஷைப் புள்ளியின்மேல் பூசினால் விரைவில் குணமாகாதா? அடர்ந்த ஃபுளூரைடு மேலடுக்கை விரைவாக இறுக்கிவிடுகிறது. உமிழ்நீரின் கனிமங்கள் அடியிலுள்ள நுண்துளைகளைச் சென்றடையும் வழி அடைபடுகிறது. சிதைவு நின்றுவிடும், ஆனால் வெண்மை உள்ளேயே நிலைத்துவிடக்கூடும். ஆகவே, முன்பற்களில் வெளியே தெரியும் புள்ளிகளுக்கு முதல் சில மாதங்களில் இதைத் தவிர்க்கும்படி பல மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர். இதில் முழுமையான ஒருமித்த கருத்து இல்லை; வார்னிஷ் பூசியும் புள்ளிகள் மங்கியதாகக் கூறும் ஆய்வுகளும் உள்ளன. பற்சொத்தை வேகமாகப் பரவும் நிலையிலுள்ளவருக்கு மருத்துவர் வார்னிஷைப் பரிந்துரைத்தால் அதை ஏற்பதே சரி. தோற்றத்தைவிடப் பல்லைக் காப்பது முதன்மையானது.

பால் புரதத்திலிருந்து பெறப்படும் கேசீன் பாஸ்போபெப்டைடும் கால்சியம் பாஸ்பேட்டும் சேர்ந்த களிம்புகள் மருந்தகங்களில் கிடைக்கின்றன. மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வில் உருவான இப்பொருளைச் சில மருத்துவர்கள் இரவில் தடவப் பரிந்துரைப்பர். தீங்கில்லை, ஆனால் சாதாரண ஃபுளூரைடு பற்பசையைவிட இது உறுதியாக மேலானது என ஆய்வுகள் ஒரே குரலில் கூறவில்லை. விலையும் அதிகம். வாங்க இயலாதவர்கள் எதையோ இழந்துவிட்டதாக எண்ண வேண்டாம். பால் புரத ஒவ்வாமை உள்ளவர்கள் இதைப் பயன்படுத்தக் கூடாது.

காத்திருந்த பின்னும் மறையாவிட்டால்

அடுத்த படியாக இன்று பெரிதும் கருதப்படுவது ரெசின் ஊடுருவல் சிகிச்சை. ஜெர்மனியில் உருவாக்கப்பட்டு 2009 முதல் பயன்பாட்டிலுள்ள இம்முறையில் துளையிடுதல் இல்லை. பொதுவாக மரத்துப்போகும் ஊசியும் தேவைப்படாது. ஈறு ரப்பர் விரிப்பால் மூடிப் பாதுகாக்கப்படும். புள்ளியின்மேல் 15 விழுக்காடு ஹைட்ரோகுளோரிக் அமிலக் கூழ் இரண்டு நிமிடங்கள் இடப்பட்டுக் கழுவப்படும். இறுகிய மேலடுக்கைத் திறப்பதே இதன் நோக்கம். பின்னர் எத்தனாலால் உட்புற ஈரம் அகற்றப்படும். எத்தனால் இட்டவுடன் வெண்மை மங்கினால் சிகிச்சை நல்ல பலன் தரும் என்பதற்கான அறிகுறி அது. மங்காவிட்டால் மருத்துவர் அமிலக் கூழை மீண்டும் இடலாம். இறுதியாக, நீர்போன்ற மெல்லிய ரெசின் சில நிமிடங்கள் ஊற விடப்பட்டு, ஒளியால் கெட்டிப்படுத்தப்படும்.

முன்பு கூறிய ஒளிவிலகல் கணக்கு இங்கு பயன்படுகிறது. இந்த ரெசினின் ஒளிவிலகல் எண் சுமார் 1.52. நீரையும் காற்றையும்விட இது எனாமலுக்கு மிக நெருக்கமானது. துளைகளை ரெசின் நிரப்பியதும் ஒளிச்சிதறல் குறைந்து, புள்ளி சுற்றியுள்ள பல்லோடு கலந்துவிடுகிறது. நனைந்த துணி இனி உலராது என்பது போன்ற நிலை. ஒரே அமர்வில் மாற்றம் தெரியும். பல்லின் வடிவம் மாறுவதில்லை.

இதற்கும் எல்லைகள் உண்டு. ஆழமான, ஆண்டுக்கணக்கில் பழைமையான புள்ளிகள் முழுமையாக மறையாமல் போகலாம். குழி விழுந்த இடத்துக்கு இது பொருந்தாது. ஊடுருவிய ரெசினைத் திரும்ப வெளியே எடுக்க இயலாது. பல் வெளுப்பாக்கமும் செய்துகொள்ள விரும்பினால் அதையே முதலில் முடித்து, சுமார் இரண்டு வாரங்கள் கழித்து ரெசின் சிகிச்சைக்கு வர வேண்டும். வெளுப்பு மருந்தின் எச்சம் ரெசின் சரியாக இறுகுவதைத் தடுக்கும்.

வெளுப்பாக்கம் புள்ளியைக் குணப்படுத்துவதில்லை. சுற்றியுள்ள பல்லை வெளுக்கச் செய்து வேறுபாட்டைக் குறைக்கிறது, அவ்வளவே. தொடக்கத்தில் புள்ளி மேலும் தூக்கலாகத் தெரிவதும், பற்கூச்சம் ஏற்படுவதும் உண்டு. 18 வயது நிறைவடையாதோருக்கு இது வழக்கமாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை. அமிலமும் நுண்தூளும் கலந்த பசையால் மேற்பரப்பைத் தேய்த்தெடுக்கும் நுண்தேய்ப்பு முறை, மேலோட்டமான புள்ளிகளுக்கும் பழுப்புக் கறைக்கும் பயன் தரும். ஆனால் அது எனாமலின் மெல்லிய அடுக்கொன்றை நிலையாக அகற்றுகிறது. ஆகவே திரும்பத் திரும்பச் செய்யத்தக்கதன்று.

வெனீர் எனப்படும் மேல்தகடு குறித்து ஒன்று கூற வேண்டும். வெண்புள்ளி மட்டுமே குறையாக உள்ள பதினாறு வயதுப் பல்லை அரைத்துத் தகடு பொருத்துவது, பெரும்பாலும் தேவையற்றது. தகடு வாழ்நாள் முழுவதும் நிலைப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற நேரிடும். முதல் ஆலோசனையிலேயே இது முன்மொழியப்பட்டால், வேறொரு பல் மருத்துவரின் கருத்தையும் பெறுங்கள். எச்சிகிச்சைக்கும் முன்பு, எத்தனை பற்களுக்கு, என்ன கட்டணத்தில், முழுமையாக மறையாவிட்டால் அடுத்து என்ன என்ற மூன்றையும் கேட்டறிய வேண்டும். அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பல் சீரமைப்புப் பிரிவையோ பல் பாதுகாப்புப் பிரிவையோ அணுகலாம். எல்லா இடங்களிலும் எல்லா முறைகளும் இருப்பதில்லை என்பதால் முன்னரே விசாரித்துச் செல்வது அலைச்சலைக் குறைக்கும்.

எலுமிச்சைச் சாறு, சமையல் சோடா, கரித்தூள், உப்பு ஆகியவற்றால் புள்ளியைத் தேய்க்க வேண்டாம். எலுமிச்சைச் சாறு தானே ஓர் அமிலம். ஏற்கெனவே கனிமம் இழந்த இடத்தில் அதைத் தேய்ப்பது புண்ணைக் கிளறுவதாகும்.

இன்னும் கம்பி அணிந்திருப்பவர்களுக்கு

இங்கு விதி நேர்மாறானது. கம்பி உள்ளபோது ஃபுளூரைடை மிகுதியாகப் பயன்படுத்துவதே நல்லது. இடர் அதிகமுள்ளவர்களுக்குச் சில மாதங்களுக்கு ஒருமுறை வார்னிஷ் பூசுவதையோ, நாள்தோறும் 0.05 விழுக்காடு சோடியம் ஃபுளூரைடு வாய்க்கொப்பளிப்பானையோ மருத்துவர் பரிந்துரைக்கலாம். கொப்பளிப்பானைத் துலக்கும் வேளையில் அன்றி, வேறொரு வேளையில் பயன்படுத்துவது நன்று. துலக்கும்போது பிராக்கெட்டுக்கு மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை எனச் சாய்வாகத் துலக்கி, கம்பியின் அடியில் இடைப்பல் தூரிகையைச் செலுத்த வேண்டும். ஈறோரம் வெண்ணிறப் பிறை தெரியத் தொடங்கினால் அடுத்த சந்திப்புவரை காத்திராமல் தெரிவியுங்கள். தேவையெனில் மருத்துவர் கம்பியைச் சிறிது காலம் கழற்றி வைக்கவோ, சிகிச்சையை முன்னதாக முடிக்கவோ முடிவெடுப்பார். பற்கள் சற்றே கோணலாக இருப்பது, சிதைந்த பற்கள் நேராக இருப்பதைக் காட்டிலும் மேலானது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பதின்மூன்று வயதுக் குழந்தை, கம்பிகளுக்கிடையே நாள்தோறும் ஐந்து நிமிடங்கள் பொறுமையாகத் துலக்குவது எளிதன்று. புள்ளிகளைக் கண்டபின் கடிந்துகொள்வதால் அவை மங்கப்போவதில்லை. இரவில் ஒருமுறை அருகில் நின்று, கைப்பேசி வெளிச்சத்தில் ஈறோரத்தைப் பார்த்துச் சொல்வது பயன் தரும்.

உடனே மருத்துவரை அணுக வேண்டிய அறிகுறிகள்

வழவழப்பாகவும் பளபளப்பாகவும் உள்ள புள்ளி பொதுவாகச் செயல் ஓய்ந்தது, அதற்கு அவசரமில்லை. சொரசொரப்பாகவும் பொலிவிழந்தும் உள்ள புள்ளியின் அடியில் சிதைவு தொடர்கிறது எனக் கொள்ள வேண்டும். புள்ளி பழுப்பாக மாறுதல், மேற்பரப்பில் குழி விழுதல் அல்லது உணவு சிக்குதல், குளிர்ந்த நீர் பட்டால் கூச்சம் ஏற்படுதல் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும், ஆறு மாதக் காத்திருப்பு உங்களுக்குப் பொருந்தாது. கம்பி கழற்றிய பின்னரும் புள்ளி பெரிதாகிக்கொண்டே சென்றால், அல்லது முன்பு இல்லாத பல்லில் புதிதாகத் தோன்றினால், காரணம் இனி கம்பியன்று. உணவுப் பழக்கமோ, துலக்கும் முறையோ, உமிழ்நீர்க் குறைவோ ஆகும். நீங்கள் வழக்கமாக உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலையும் மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள்; வாய் உலர்வதற்குச் சில மருந்துகளும் காரணமாகின்றன.